புதிய கம்ப்யூட்டரில் பிரவுசர்: எதை வைப்பது, எதை நீக்குவது?

புதிய கம்ப்யூட்டர் வாங்கி, விண்டோஸ் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் கொடுத்து முடித்தவுடன், பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது பிரவுசரைத்தான். டாஸ்க் பாரில் நீலமும் பச்சையும் கலந்த அலை போன்ற ஐகான் ஒன்று இருக்கும். அதுதான் மைக்ரோசாப்ட் எட்ஜ். "எனக்கு குரோம்தான் பழக்கம். இந்த எட்ஜை எப்படி எடுப்பது?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரே இரண்டு, மூன்று பிரவுசர்களைப் பதிந்து கொடுத்துவிட, எதைத் திறப்பது என்று தெரியாமல் விழிப்பவர்களும் உண்டு.

பிரவுசர்தானே, எது இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், வருமான வரி, பிள்ளைகளின் தேர்வு முடிவு, டாக்டரிடம் அப்பாயிண்ட்மெண்ட் என எல்லாம் இந்த ஒரு புரோகிராம் வழியாகத்தான் போகின்றன. நம் பாஸ்வேர்ட்களும் இதற்குள்ளேதான் சேர்கின்றன. வீட்டு வாசல் கதவைப் போன்றது இது. புது வீட்டுக்குக் குடி போகும்போது முதலில் பூட்டைப் பார்ப்பதுபோல, புதிய கம்ப்யூட்டரில் முதலில் பிரவுசரைச் சரி செய்துகொள்வது நல்லது. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நான் பின்பற்றும் வரிசையிலேயே இங்கு தருகிறேன்.

விண்டோஸுடன் ஒட்டிக்கொண்ட கதை

எட்ஜை ஏன் எளிதாக நீக்க முடிவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். 1994ல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் அந்நாளில் பலரும் பயன்படுத்திய பிரவுசர். 1995ல் மைக்ரோசாப்ட் தன் இண்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. விண்டோஸ் 98ல் அது சிஸ்டத்துடனேயே பிணைக்கப்பட்டது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு இதனை எதிர்த்து வழக்குப் போட்டது. அந்த வழக்கு நடந்து, 2001ல் சமரச உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் நெட்ஸ்கேப் அதற்குள் தளர்ந்துவிட்டது. 2008ல் அதற்கான சப்போர்ட் அடியோடு நிறுத்தப்பட்டது.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி போனது. எந்த பிரவுசர் வேண்டும் என்று பயனாளரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை ஒன்று 2010 மார்ச் முதல் அங்குள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் காட்டப்பட்டது. இடையில் விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1ல் அந்தத் திரை காணாமல் போனதற்காக, 2013ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. இப்போது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில், 2024 மார்ச் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் காரணமாக, எட்ஜை மற்ற புரோகிராம்களைப் போலவே அன் இன்ஸ்டால் செய்துவிடலாம். அந்தச் சட்டம் இந்தியாவிற்குப் பொருந்தாது. எனவே நம் கம்ப்யூட்டரில் அந்தச் சலுகை இல்லை.

இண்டர்நெட் எக்ஸ்புளோரரைத் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் அதற்கான சப்போர்ட் 2022 ஜூன் 15ல் முடிந்தது. 2023 பிப்ரவரியில் அது செயலிழக்கச் செய்யப்பட்டது. விண்டோஸ் 11ல் அதனைத் தனி பிரவுசராகப் பயன்படுத்தவே முடியாது.

எட்ஜை நீக்கலாமா?

விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று செல்லுங்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கு எதிரேயும் மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் கிளிக் செய்தால் அன் இன்ஸ்டால் கிடைக்கும். எட்ஜுக்கு மட்டும் அது மங்கலாகத் தெரியும், அல்லது இருக்காது. மாடிபை என்பது மட்டும் கிடைத்தால், அது பழுது பார்ப்பதற்கான வழி, நீக்குவதற்கானது அல்ல.

எட்ஜை வலுக்கட்டாயமாகப் பிடுங்கி எறியும் சிறு புரோகிராம்களும் கட்டளைகளும் இணையத்தில் நிறைய கிடைக்கின்றன. புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் இரண்டு. முதலாவது, விண்டோஸில் வெப்வியூ2 என்று ஒரு பகுதி உண்டு. இது எட்ஜின் அதே இன்ஜினில் இயங்குவது. விட்ஜெட்ஸ், புதிய அவுட்லுக், டீம்ஸ் போன்றவை தங்கள் பக்கங்களைக் காட்டுவதற்கு இதனைத்தான் நம்பியுள்ளன. எட்ஜைப் பிடுங்கும்போது இதுவும் சேர்ந்து போனால், சம்பந்தமே இல்லாத புரோகிராம்கள் வெற்றுத் திரையைக் காட்டும். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். இரண்டாவது, விண்டோஸ் அப்டேட் ஆகும்போது எட்ஜ் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். பட்ட பாடு வீண்.

தவிர, எட்ஜுக்கு ஒரு பயனும் இருக்கிறது. பழைய இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே சரியாக வேலை செய்யும் சில அலுவலகத் தளங்கள் இன்னும் உள்ளன. அவற்றைத் திறக்க எட்ஜில் ஐ.இ. மோட் என்ற வசதி தரப்பட்டுள்ளது. குறைந்தது 2029 வரை இது இருக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்துள்ளது. எனவே எட்ஜை நீக்க வேண்டாம். ஒதுக்கி வைத்தால் போதும். அதற்கான வழியைப் பின்னர் சொல்கிறேன்.

எந்த பிரவுசரைப் பதியலாம்?

பெயர்கள் பல இருந்தாலும், உள்ளே ஓடும் இன்ஜின்கள் மிகச் சிலவே. கூகுள் 2008ல் வெளியிட்ட குரோம், அதன் குரோமியம் என்னும் அடிப்படையில் அமைந்தது. இன்றைய எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி ஆகியவையும் அதே குரோமியத்தில் கட்டப்பட்டவைதான். எனவே குரோமில் சரியாகத் தெரியும் தளம் இவற்றிலும் சரியாகத் தெரியும். "எட்ஜில் வங்கித் தளம் திறக்காது" என்று நினைத்து குரோமுக்கு மாறுபவர்களுக்கு இதனைச் சொல்லி வைக்கிறேன்.

பயர்பாக்ஸ் மட்டும் தனி. 2004 நவம்பரில் இதன் முதல் பதிப்பு வந்தது. லாப நோக்கமற்ற மொஸில்லா அமைப்பின் ஆதரவில் வெளியாகிறது. கெக்கோ என்னும் சொந்த இன்ஜினில் ஓடுகிறது. விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன்களைப் பயன்படுத்துபவர்களுக்கு இதில் ஒரு வசதி. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால், பலரும் பயன்படுத்தி வந்த யூபிளாக் ஆரிஜின் 2025ல் அதில் இயங்காமல் போனது. பயர்பாக்ஸில் அது தொடர்ந்து இயங்குகிறது.

நம் ஊர் தயாரிப்பும் ஒன்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ நிறுவனம் 2023ல் உலா என்ற பிரவுசரை வெளியிட்டது. பெயரே தமிழ்தான். இதுவும் குரோமியத்தில் அமைந்ததே. வேலைக்கு ஒன்று, சொந்த உபயோகத்திற்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று எனத் தனித்தனி மோட்கள் இதில் தரப்பட்டுள்ளன. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் உருவாக்கும் போட்டியில் 2025ல் முதல் பரிசு பெற்றது இந்நிறுவனம்தான்.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால், நான் ஒரே பெயரைச் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்ட் போனில் குரோம் பயன்படுத்துபவர்களுக்கு, கம்ப்யூட்டரிலும் குரோம் வைத்தால் புக்மார்க்குகளும் பாஸ்வேர்ட்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். தன்னைப் பின்தொடரும் தளங்கள் குறைய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு பயர்பாக்ஸ் அல்லது பிரேவ் ஏற்றது. எதுவானாலும், அப்டேட் தவறாமல் கிடைக்கும் பிரவுசராக இருக்க வேண்டும். அதுதான் முதல் தகுதி.

டவுண்லோட் செய்வதில் கவனம்

ஆபத்து அதிகம் உள்ள இடம் இதுதான். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் புது லேப்டாப்பில் தேடல் கட்டத்தில் "குரோம் டவுண்லோட்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, மேலே வந்த முதல் லிங்க்கில் கிளிக் செய்துவிட்டார். அது விளம்பரம். வந்து இறங்கியதும் குரோம் இல்லை. ஏறத்தாழ அதே மாதிரி ஐகான் வைத்த வேறு ஏதோ ஒன்று. ஹோம் பேஜ் மாறியது, தேடல் தளம் மாறியது, திரையின் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று அறிவிப்பு வர ஆரம்பித்தது. ஓய்வூதியக் கணக்கை அதில் திறக்கப் போகும் முன் என்னிடம் காட்டினார். அந்தப் புரோகிராமை நீக்கி, டிபெண்டர் கொண்டு முழுவதுமாக ஸ்கேன் செய்த பிறகுதான் வங்கிப் பக்கம் போகச் சொன்னேன்.

எனவே தேடிப் போக வேண்டாம். எட்ஜைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள். குரோமுக்கு கூகுள் டாட் காம், அதன்பின் சாய்வு கோடு போட்டு குரோம். பயர்பாக்ஸுக்கு பயர்பாக்ஸ் டாட் காம். பயர்பாக்ஸை மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்தும் பெறலாம். எழுத்துப் பிழை இல்லாமல் டைப் செய்தீர்களா என்று ஒரு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். "எட்ஜே போதுமே, வேறு எதற்கு?" என்ற பொருளில் ஒரு செய்தி திரையில் எழலாம். அதனைப் பொருட்படுத்தாமல் தொடரலாம்.

பைல் இறங்கியவுடன் இயக்கிவிட வேண்டாம். டவுண்லோட்ஸ் போல்டரில் அதன் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேப் இருக்கும். குரோம் என்றால் அங்கே கூகுள் எல்.எல்.சி. என்றும், பயர்பாக்ஸ் என்றால் மொஸில்லா கார்ப்பரேஷன் என்றும் இருக்க வேண்டும். அந்த டேப்பே இல்லையென்றால் பைலை அழித்துவிடுங்கள். பத்து விநாடி வேலை. பெரிய தொல்லையைத் தவிர்க்கும்.

"ஸ்டோரில் உள்ளதை மட்டுமே பதிய முடியும்" என்று விண்டோஸ் மறுத்தால், உங்கள் கம்ப்யூட்டர் எஸ் மோடில் உள்ளது என்று பொருள். செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் சென்று, அதிலிருந்து வெளியேறலாம். கட்டணம் இல்லை. ஆனால் ஒரு முறை வெளியேறினால் திரும்பிப் போக முடியாது என்பதை மனதில் வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கொண்டு வருவது

ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள், அதில் சேர்த்த புக்மார்க்குகளைக் கொண்டு வரலாம். இரண்டிலும் ஒரே பிரவுசர் என்றால், அதற்கான அக்கவுண்ட்டில் நுழைந்து சிங்க் செய்தாலே எல்லாம் வந்துவிடும். வேறு வேறு பிரவுசர்கள் என்றால், பழையதில் கண்ட்ரோல், ஷிப்ட், ஓ ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் இதுதான் புக்மார்க் பகுதிக்கான ஷார்ட் கட். அங்குள்ள மெனுவில் எக்ஸ்போர்ட் தேர்ந்தெடுத்தால் எச்.டி.எம்.எல். பைல் ஒன்று கிடைக்கும். பென் டிரைவில் எடுத்து வந்து, புதியதில் இம்போர்ட் கொடுங்கள்.

பாஸ்வேர்ட்களையும் இதுபோல எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் அவை சி.எஸ்.வி. பைலாக, எந்தப் பூட்டும் இல்லாமல், யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். அந்தப் பைல் பென் டிரைவில் கிடந்து, பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இம்போர்ட் செய்து முடித்த கையோடு, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு டெலீட் அழுத்தி, இரண்டு இடங்களிலும் அதனை அழித்துவிடுங்கள்.

டீபால்ட் பிரவுசர் ஆக்குவது

புதிய பிரவுசரைப் பதிந்துவிட்டால் மட்டும் போதாது. மெயிலில் வரும் லிங்க்கில் கிளிக் செய்தால் எட்ஜ்தான் திறக்கும். இதனை மாற்ற, செட்டிங்ஸ், ஆப்ஸ், டீபால்ட் ஆப்ஸ் என்று செல்லுங்கள். பட்டியலில் உங்கள் பிரவுசரின் பெயர் மீது கிளிக் செய்திடுங்கள். மேலே செட் டீபால்ட் என்ற பட்டன் இருக்கும். அதனை அழுத்தினால் முடிந்தது. விண்டோஸ் 11 2021ல் வந்தபோது இந்தப் பட்டன் இல்லை; ஒவ்வொரு பைல் வகைக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. பலரும் குறை சொன்ன பிறகு, 2022ல் இது தரப்பட்டது.

பி.டி.எப். பைல்கள் இதில் சேராமல் எட்ஜிலேயே திறந்துகொண்டிருக்கலாம். அதே பக்கத்தில் கீழே பி.டி.எப். என்ற வரியைக் கண்டுபிடித்து, விரும்பும் புரோகிராமைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் தேடிக் கிடைக்கும் இணைய முடிவுகளும், விட்ஜெட்ஸ் செய்திகளும் மட்டும் எட்ஜில்தான் திறக்கும். அது கோளாறு அல்ல; இங்கு விண்டோஸ் அப்படித்தான் அமைக்கப்பட்டுள்ளது.

எட்ஜை ஒதுக்கி வைப்பது

டாஸ்க் பாரில் எட்ஜ் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து அன்பின் கொடுங்கள். பின்னர் எட்ஜைத் திறந்து, மூன்று புள்ளிகள், செட்டிங்ஸ், அதில் சிஸ்டம் அண்ட் பெர்பாமன்ஸ் என்று செல்லுங்கள். ஸ்டார்ட் அப் பூஸ்ட் என்பதை ஆப் செய்திடுங்கள். அருகிலேயே, எட்ஜை மூடிய பிறகும் எக்ஸ்டென்ஷன்களைப் பின்னணியில் இயக்குவதற்கான ஸ்விட்ச் இருக்கும். அதனையும் ஆப் செய்திடுங்கள். இனி கூப்பிட்டால்தான் வரும். ராம் நினைவகம் 4 அல்லது 8 ஜி.பி. மட்டுமே உள்ள கம்ப்யூட்டர்களில் இதன் பயன் நன்றாகத் தெரியும்.

வேண்டாதவற்றை நீக்குவது

கடைக்காரர் பதிந்தது, வேறு இலவச புரோகிராமுடன் ஒட்டிக்கொண்டு வந்தது என எத்தனை பிரவுசர் இருந்தாலும், இரண்டு போதும். ஒன்று அன்றாட உபயோகத்திற்கு. மற்றொன்று வங்கி, வரி போன்ற பண விஷயங்களுக்கு மட்டும். அந்த இரண்டாவதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் சேர்க்காதீர்கள். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒதுக்கி வைத்த எட்ஜையே கூட இதற்குப் பயன்படுத்தலாம். மற்றவற்றை இன்ஸ்டால்டு ஆப்ஸ் பகுதியில் அன் இன்ஸ்டால் செய்துவிடுங்கள். பயன்படுத்தாமல் கிடக்கும் பிரவுசர், அப்டேட் ஆகாமல் கிடந்தால், அது திறந்து கிடக்கும் கொல்லைப்புறக் கதவு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இங்கே உள்ளது. பிரவுசரை நீக்கினால் அதில் சேர்ந்த விவரங்களும் போய்விடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. குரோமை நீக்கும்போது, பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் செய்யாவிட்டால் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும். பயர்பாக்ஸை நீக்கினாலும், உங்கள் பெயரில் உள்ள யூசர் போல்டருக்குள் ஆப் டேட்டா என்ற மறைந்திருக்கும் போல்டரில், ரோமிங் என்பதில் உள்ள மொஸில்லா போல்டர் அப்படியே தங்கிவிடும். பாஸ்வேர்ட்கள் உட்பட. பிரவுசரைத் திரும்பப் பதிந்தால் பழைய புக்மார்க்குகள் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதும், உறவினர் பையனுக்குத் தரும்போதும் இதுவே வினையாகலாம். கொடுப்பதற்கு முன் பிரவுசரை மட்டும் நீக்கினால் போதாது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி சென்று, ரீசெட் திஸ் பி.சி. மூலம் அனைத்தையும் நீக்கிவிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு.

பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர்களுக்கு

செகண்ட் ஹேண்டில் வாங்கி, அது உங்களுக்குப் புதியது என்றால், முதலில் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் இயங்கிய கடைசி குரோம், 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. அதற்குப் பின் வந்த பாதுகாப்பு வசதிகள் அங்கே கிடைக்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அடித்தளம் பழையதாக இருக்கும்போது, மேலே எந்த பிரவுசரை மாற்றினாலும் பாதிப் பாதுகாப்புதான். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. புதிய பிரவுசரில் முதல் நாளே பல தளங்கள் "அறிவிப்புகளை அனுப்பலாமா?" என்று கேட்கும். பிளாக் என்பதில் கிளிக் செய்திடுங்கள். பழக்கத்தில் அல்லோ அழுத்தியவர்கள்தான் பிறகு "வைரஸ் வந்துவிட்டது" என்று பதறுகிறார்கள். ஏற்கெனவே அழுத்தியிருந்தால், பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் என்று தேடி, அங்குள்ள தளங்களின் பெயர்களை நீக்கிவிடுங்கள். தொல்லை அன்றே நின்றுவிடும்.